பதினோராம் நம்பர் ஆணி

வசந்தகுமாரிக்குத் தண்ணீர் என்றால் பயம். எப்படிப்பட்ட பயம் என்றால், தலைக்குக் குளிக்கும்போதுகூடக் கண்ணை மூடமாட்டார். சீயக்காய் எரிந்தாலும் சரி, ஷாம்பு எரிந்தாலும் சரி, இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டுதான் சொம்பைக் கவிழ்ப்பார். ஏன் இப்படி என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு கதையும் கிடையாது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்ததில்லை, வெள்ளத்தில் மாட்டியதில்லை. சிலருக்குப் பல்லி, சிலருக்கு ஊசி, இவருக்குத் தண்ணீர். அப்பேர்ப்பட்டவர் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரிக்கரையில் போய் உட்காருகிறார் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டுக்காரர் பூபாலனே நம்பவில்லை. முதல் வாரம் பைக்கில் பின்னாலேயே வந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்.

இதற்கெல்லாம் மூல காரணம் அவருடைய உத்தியோகம். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில், டூல் ரூமில் இருபத்தெட்டு வருஷ வேலை. கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு உள்ளே அவர் நிற்பார். வெளியே வரிசையில் வரும் தொழிலாளி ஸ்பானரோ டிரில்லோ கேட்டால், அந்த ஆளுடைய நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுச் சாமானைக் கொடுப்பார். சாமான் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். ஷிஃப்ட் முடியும்போது பலகையில் ஒன்றுகூடத் தொங்கக் கூடாது. அதிலும் அம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவரவர் டோக்கனை அவரவர் கையால்தான் வாங்க வேண்டும். கூட்டாளிக்கும் சேர்த்து நானே எடுத்துக்கொள்கிறேன், பஸ் கிளம்பிவிடும் என்று ஜன்னலில் கெஞ்சியவர்களுக்கு அவர் கொடுத்த பதிலைக் கேட்டால் இரண்டாம் தடவை யாரும் கெஞ்சமாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் ஒரு சாயங்காலம் ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. அமல்ராஜ் என்ற ஃபிட்டருடையது. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்க்கிறான், ஆட்கள் திட்டுகிறார்கள், ஃபோர்மேனே வந்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வசந்தகுமாரி ஜன்னலைச் சாத்தவில்லை. கடைசியில் தேடிப் போனால், பாதி கட்டி நிறுத்தியிருந்த வண்டிக் கூட்டுக்குள் அமல்ராஜ் வெயில் சூட்டில் மயங்கிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிலோ கேக் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து வசந்தகுமாரிக்குப் பயப்படுவதே பாதி வேலை என்றாகிவிட்டது. மற்றவர்கள் பயப்பட மறந்ததையெல்லாம் சேர்த்து அவர் ஒருத்தரே பயந்து முடிப்பார்.

தொழிற்சாலை மனமகிழ் மன்றத்துக்கு யாரோ ஒரு அதிகாரி ஆசைப்பட்டுப் பத்து கயாக் படகு வாங்கிப் போட்டார். ஒருத்தர் அல்லது இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அகலமான ஒரே துடுப்பால் மாறி மாறி வலித்துக்கொண்டு போகும் ஒல்லிப் படகு. வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டார். படகுகள் வெல்டர் லோகநாதன் தலையில் விழுந்தன. லோகநாதன் தண்ணீரிலேயே பிறந்தவர் மாதிரி. பட்டாபிராம் தாண்டி மேலப்பேட்டு ஏரியில் ஞாயிறு காலையில் ஓட்ட ஆரம்பித்தார். கேள்விப்பட்டு மேனாம்பேடு, திருவேற்காடு பக்கத்து ஃப்ளாட்டுகளிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்களும் சேர்ந்தார்கள். கூட்டம் பெருகியதும் அவருக்கே உதறல் எடுத்து, நேராக டூல் ரூம் ஜன்னலுக்கு வந்தார். கரையில உக்காந்து எண்ணினா மட்டும் போதும் மேடம், தண்ணிப் பக்கமே வரத் தேவையில்ல என்று சொல்லி அழைத்துப் போனார்.

சட்டங்களை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். கூட்டத்தில் யார் மெதுவோ அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது, கடைசி ஆளாக வருகிறவர் யாரையும் தாண்டக் கூடாது. விசில் ஒரு தடவை ஊதினால் நிற்க வேண்டும், மூன்று தடவை ஊதினால் யாருக்கோ ஆபத்து, எல்லோரும் திரும்ப வேண்டும். தனி ஆளாக ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இவற்றோடு வசந்தகுமாரியின் பலகை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட டோக்கன்களை அனுமதி கேட்டு வாங்கி வந்திருந்தார். இறங்கும்போது அவரவர் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். கரையேறியதும் அவரவர் கையால் கழற்றித் தகர டப்பாவில் போட வேண்டும். பலகை காலி என்றால் ஏரி காலி. எல்லாம் முடிந்ததும் லோகநாதன் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, போர்டு காலியா மேடம் என்று கேட்பார். காலி என்று இவர் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கண் பட்டது போல, ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு ராகவன் என்பவர் ஒரு காரியம் செய்தார். மேனாம்பேட்டில் சொந்த ஃப்ளாட், ஆபீஸில் நாற்பது பேருக்கு மேலாளர். அன்று கரையேறியவர் டோக்கனைத் தொங்கவிட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு பட்டாபிராமுக்குக் காபி குடிக்கப் போய்விட்டார். லோகநாதன் ஏரியை இரண்டு சுற்று சுற்றினார். பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் வெயிலில் காத்துக்கிடந்தார்கள். காபி மணத்தோடு திரும்பி வந்த மனுஷன் வெட்கப்பட்டாரா என்றால் அதுதான் இல்லை. ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "நாம பிக்னிக் வர்றோம். ஷிஃப்ட்டுக்கு வரல." அதற்குக் கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள். வசந்தகுமாரி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எண்ணாமல் அவரால் இருக்க முடியாதே.

சிரிக்காத ஒருத்தி ரோஷினி. கோபிச்செட்டிபாளையத்துப் பெண், இருபத்தாறு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினாள். நீங்க எண்ணிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க எனக்குத் துடுப்புப் போடவே தைரியம் வருது என்று. அவளிடம் கிளப் படகு கிடையாது. காற்றடித்துப் பயன்படுத்தும் மஞ்சள் படகு ஒன்று சொந்தமாக வைத்திருந்தாள். மடித்து ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவருவாள். கூட்டத்திலேயே மெதுவாக வலிப்பவள் அவள்தான், அதற்காக வாய்க்கு வாய் சாரி கேட்பவளும் அவள்தான். அவளுக்கு டோக்கன் பதினொன்று.

அடுத்த ஞாயிறு பதினான்கு டோக்கன் தொங்கியது. முன்னால் லோகநாதன், கடைசி ஆளாக மோகன். மோகன் தங்கமான பையன். யாருக்காவது மூட்டை தூக்க வேண்டுமா, டயர் மாற்ற வேண்டுமா, சொல்லாமலே வந்து நிற்பான். அன்று பதினான்கு பேரும் எதிர்க்கரையில் உபரித் தண்ணீர் வழியும் கலங்கல்வரை போய்த் திரும்பும்போது வடகிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு எழும்பியது. எட்டரை மணிக் காலை, சாயங்காலம் மாதிரி இருட்டியது. காற்று கோரைப் புல்லைப் படுக்கவைத்தது. வசந்தகுமாரி பலகையை விட்டு நகராமல் நின்றார். ஒவ்வொரு படகாக மண்ணைத் தொடத் தொட, ஒவ்வொரு டோக்கனாகக் கழன்று டப்பாவில் விழ விழ, கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு மூச்சு வந்தது.

முதல் தூறலோடு மோகன் வந்து சேர்ந்தான். சுதா என்ற பெண்ணுக்கு நடு ஏரியில் கால் இழுத்துக்கொண்டதாம். அவளுடைய படகைத் தன் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அவளைக் கைத்தாங்கலாகக் கரையேற்றி, மூச்சு வாங்கப் பலகைவரை கூட்டிவந்தான். சுதா தன்னுடையதைக் கழற்றிப் போட்டாள். மோகன் தன் டோக்கனைக் கழற்றினான். அதே கையால் பதினொன்றையும் கழற்றினான். "ரோஷினி பின்னாடியே வந்துட்டாங்க மேடம், அந்தக் கோரைக்கிட்டதான். படகு வேற மடிக்கணும், மழையில அவங்க எதுக்கு இங்க ஏறி வரணும்?" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் டப்பாவில் போட்டான்.

வசந்தகுமாரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. கூடவே அந்தப் பதினோரு சிரிப்புப் பொம்மைகளும் வந்து நின்றன. கடைசி ஆளே கரையேறிவிட்டான், கோரை கூப்பிடு தூரம், பெரிய மழை வருகிறது, இதற்கும் ஒரு வம்பா என்று தோன்றியது. ஒரு தடவையாவது நல்லவள் என்று பெயர் எடுத்தால்தான் என்ன? வாயை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மழை கொட்ட ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கார் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. சுதாவை மோகன்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். லோகநாதன் கிளப் படகு பத்தையும் சின்ன லோடு வேனில் ஏற்றிக் கட்டிவிட்டு, ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேட்டார்.

"போர்டு காலியா மேடம்?"

"காலி" என்றார் வசந்தகுமாரி.

வேன் கரைமேட்டில் ஏறி விஜியின் டீக்கடையைத் தாண்டியது. தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. புளியமரத்தடியில் தன்னந்தனியாக நின்றது. கண்ணாடியில் தலைகீழாக மாட்டிய ஹெல்மெட்டில் மழைத் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நிறுத்தச் சொன்னார். சொன்னாரா கத்தினாரா என்று அவருக்கே தெரியாது. இறங்கி நனைந்துகொண்டே ஓடிப்போய், ரோஷினி நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்தது. அந்த மணி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து கேட்டது.  சீட்டைக் கையால் தட்டினார், திறக்கிற பொருளா அது, சும்மா தட்டினார். அடுத்து மோகனுக்குப் போட்டார். ரோஷினி உங்க காரில் இருக்கிறாளா என்ற கேள்விக்கு, இல்லையே மேடம், கரையில என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான். திருமுல்லைவாயில்கிட்ட இருக்கிறேன், வண்டியைத் திருப்புகிறேன் என்று பிறகு ஏதோ சொன்னான். இவர் காதில் ஏறவில்லை.

"இன்னா மேடம், நீங்கதானே காலின்னீங்க?" என்றார் லோகநாதன். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன். மோகன் ரெண்டு எடுத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தேன் லோகு. வாயத் திறக்கல."

தகர டப்பாவைத் திறந்தார். பதினான்கும் இருந்தன. பதினொன்று மேலேயே கிடந்தது. ஏரியில் ஒரு உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அதனுடைய டோக்கன் மட்டும் பத்திரமாக டப்பாவில் வீடு திரும்பிவிட்டது. அதை எடுத்து, டீக்கடைச் சார்ப்பில் பலகையை நிறுத்தி, பதினோராம் ஆணியில் மாட்டினார்.   தீயணைப்பு நிலையத்துக்கு விஜியின் போனிலிருந்து சொல்லியாயிற்று. மழை, ரயில்வே கேட், இதெல்லாம் தாண்டி வர அரை மணி ஆகும் என்றார்கள்.

அரை மணி. லோகநாதன் கோரைப் பக்கம் ஓடிப்போய் விசில் ஊதிப் பார்த்துவிட்டு வந்தார். பதில் இல்லை. வேனிலிருந்து இரட்டைப் படகை அவிழ்த்து இறக்கினார். மின்னல் வெட்டியது. வாய்க்குள் எண்ணினார், பன்னிரண்டில் இடி கேட்டது. சட்டப்படி இந்த நேரத்தில் காலைக்கூடத் தண்ணீரில் வைக்கக் கூடாது, கரையை ஒட்டியே போய்ப் பார்க்கிறேன், எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் இடி கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம், இருக்கிற இடத்திலேயே ஏறிவிடுவேன் என்றார். தான் மட்டும் போவதாகச் சொன்னார்.

தனி ஆளாக ஒருவரும் இறங்கக் கூடாது. எழுதியது யார்? வசந்தகுமாரியின் கையெழுத்தில் அது பலகையின் பின்பக்கமே இருந்தது. விஜிக்கும் துடுப்புப் பிடிக்கத் தெரியாது, கடையை விட்டால் பலகையைப் பார்க்க ஆளில்லை. வேறு யாரும் இல்லை. நான் வருகிறேன் என்றார் வசந்தகுமாரி. மிதவைச் சட்டையின் கொக்கியை எப்படிப் பூட்டுவது என்று நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது தன் சட்டையைப் பூட்டத் தெரியாமல் நின்றார். லோகநாதன்தான் பூட்டிவிட்டார்.

இறங்குவதற்கு முன் லோகநாதன் தன் டோக்கனை மாட்டினார். வசந்தகுமாரிக்கு டோக்கன் கிடையாது. இரண்டு வருஷத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை. பூபாலன் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்ததால் வீட்டுச் சாவி இவர் இடுப்பில் இருந்தது. அதை எடுத்து ஒரு காலி ஆணியில் மாட்டினார். விஜியைக் கூப்பிட்டு, "மூணு தொங்குது பாத்துக்க. மூணும் இறங்குற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது, வர்றவங்களையும் போக விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நடந்தார்.

படகின் முன் சீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் நாலு விரல் கீழே ஏரி தெரிந்தது. கறுப்பாக, ஓயாமல் அசைந்துகொண்டு. ஒவ்வொரு அலைக்கும் படகு சாய்ந்தது, ஒவ்வொரு சாய்வுக்கும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறக்கி விட்டுவிடு லோகு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய்க்குள் மழைதான் வந்தது. விசிலைக் கவ்விக்கொண்டார். ஒரு நீள ஊதல், பிறகு காது கொடுத்துக் கேட்பது, மறுபடி ஒரு ஊதல். பதிலுக்கு மழை இரைச்சல்தான். கோரையைத் தாண்டினார்கள். ஒன்றும் இல்லை. மின்னல், பத்தில் இடி. கரையோரமாகவே இன்னும் கொஞ்சம் போனார்கள். வசந்தகுமாரி மனசுக்குள் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் முகம்கூடத் தெரியாது. என்னம்மா சொல்லுவேன் உனக்கு, உன் பெண்ணின் டோக்கன் டப்பாவில் இருந்தது, அதனால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்றா?

லோகநாதனின் மூக்குக் கண்ணாடியில் மழை அடித்து அவருக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் அதுவும் போச்சு. கண்ணுக்குள் நேராகத் தண்ணீர் கொட்டும்போதும் இமைக்காமல் பார்க்கிற பழக்கம் அந்த ஏரியில் ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்தது. ஏரிக்குள் பாதி மூழ்கி நிற்கும் கருவேல மரங்களுக்கு நடுவில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்ததை வசந்தகுமாரிதான் பார்த்தார்.

கிட்டே போனால் அது படகு. படகாகவும் இல்லை, காற்று போய்த் தொளதொளத்து, ஒரு கிளையில் துணி மாதிரி மாட்டிக் கிடந்தது. அதன் மேல் ஆள் இல்லை. துடுப்பு தனியாக மிதந்தது.

வசந்தகுமாரி விசிலைத் துப்பிவிட்டார்.  போயிற்று, எல்லாம் போயிற்று என்று தோன்றியது. தன் ஒரு வார்த்தை, காலி என்ற அந்த ஒரு வார்த்தை, திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அப்போது மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை, சின்னதாக, கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி.

ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் ரோஷினி. மிதவைச் சட்டை காதுவரை ஏறியிருந்தது, கால் தரையில் படவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கருவேல முள் இரண்டு உள்ளங்கையையும் கிழித்திருந்தது. அதே முள்தான் காற்றில் ஒதுங்கிய படகையும் கிழித்திருக்கிறது. இவர்களைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை சாரிங்க என்பதுதான்.

"மூணு தடவ ஊதுனா எல்லாரும் திரும்பி வரணுமேங்க. சுதாக்காவுக்குக் கால் வலி. மழை வேற. நானே சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். அப்பறம் ஊதுனேன், யாருக்கும் கேக்கலீங்க."

வசந்தகுமாரிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கழுத, திரும்பி வரத்தான்டி அந்த விசில். அதுக்குத்தான் கூட்டமா வர்றோம்." பிறகு கையை நீட்டி அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். "நீ சாரி கேக்காத. உன் முகத்தப் பாக்காமலே காலின்னு சொன்னவ நான்."

மேலே ஏற்றினால் மூன்று பேரும் கவிழ்வோம் என்றார் லோகநாதன். படகின் மூக்கை அவள் பிடித்துக்கொள்ள, அவளை வசந்தகுமாரி பிடித்துக்கொள்ள, லோகநாதன் பின்னோக்கி வலித்தார். புறப்பட்ட இடத்துக்குப் போகவில்லை, மரங்களுக்குப் பின்னால் முப்பது அடியில் தெரிந்த கரையைப் பார்த்து வலித்தார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இப்போது ஆறுதான் எண்ண முடிந்தது. எண்ணியது வசந்தகுமாரி. ரோஷினியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். முழங்கை மூழ்கியது, தோள் மூழ்கியது, ஒரு அலை முகத்தில் அடித்தது. பிடியை விடவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் முழுசாக இருந்தது, அதனால்தான் பிடியும் அப்படி இருந்தது. பிறகு பார்த்தால் ரோஷினியின் மணிக்கட்டில் இவருடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

கரையேறி, படகை அங்கேயே போட்டுவிட்டு, மேட்டோரமாகக் குனிந்து நடந்தே டீக்கடைக்கு வந்தார்கள். அதற்குள் தீயணைப்பு வண்டியும் வந்து நின்றிருந்தது. அவர்கள் போர்வை கொடுத்தார்கள், முள் கீறலுக்கு மருந்து போட்டார்கள். மோகன் தொப்பலாக நனைந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ரோஷினியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான்.  விஜி நாலு டீ போட்டாள்.

ரோஷினி கட்டுப் போட்ட கையோடு பலகைக்குப் போனாள். பதினொன்றைக் கழற்றுவதற்குள் விரல்கள் மூன்று தடவை வழுக்கின. யாரும் உதவிக்குப் போகவில்லை, வசந்தகுமாரியின் பார்வை அப்படி இருந்தது. டப்பாவில் டோக்கன் விழுந்த சத்தம் மழையிலும் கேட்டது. லோகநாதனும் தன்னுடையதை எடுத்துப் போட்டார். சாவி மட்டும் தொங்கியது. வசந்தகுமாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் அவருக்கு உடம்பு உதற ஆரம்பித்திருந்தது. 

மோகனுக்கு மனசு கேட்கவில்லை. பிறவிக் குணம், எங்கே போகும். அழுத கண்ணோடு சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"நீங்க எந்திரிக்காதீங்க மேடம். நானே எடுத்துட்டேன், இந்தாங்க."

"மோகன்" என்றார் வசந்தகுமாரி. திட்டவில்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை. "அத ஆணியில மாட்டுங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்."

மோகனுக்கு முகம் வெளிறிவிட்டது. திரும்பிப் போய் மாட்டினான். வசந்தகுமாரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சார்ப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தார், சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வேனில் ஏறிய லோகநாதன் பழக்க தோஷத்தில் கேட்டார். "போர்டு காலியா மேடம்?"

வசந்தகுமாரி பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. போர்வைக்குள் டீயை ஊதிக்கொண்டிருந்த ரோஷினியின் முகத்தைப் பார்த்தார், மோகன் முகத்தைப் பார்த்தார், ஸ்டியரிங்குக்குப் பின்னால் லோகநாதன் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் காலி என்றார்.